புள்ளியோடு போன பெயர்கள்: எல்லையோரக் கொப்பரை மண்டி ஒன்றில் சேவ் டயலாக் கோளாறு

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கோபாலபுரம் தாண்டினால் கேரளம். அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று சித்தூர் தாலுகா ஊர்களிலும் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். தென்னந்தோப்புக்கும் எல்லைக்கோடு தெரியாது. இரண்டு பக்கத்து விவசாயிகளும் கொப்பரை கொண்டுவரும் ஒரு மண்டியில் நடந்த கோளாறு இது. மண்டியின் பெயர் இங்கே தேவையில்லை. கீழே வரும் ஆட்பெயர்களும் மாற்றியவை. ஆனால் பெயர்களின் அமைப்பு, அதாவது எங்கே இனிஷியல், எங்கே புள்ளி என்பது மாற்றாமல் அப்படியே இருக்கிறது. கோளாறே அதில்தான்.

மண்டியில் ஒரே ஒரு விண்டோஸ் கணினி. எடைச்சீட்டு போடும் நிரல் சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் திரைகளைக் கட்ட உதவும் விண்ஃபார்ம்ஸில் எழுதியது. மூட்டைகளைத் தராசில் ஏற்றி எடை பதிவார்கள். மாதிரி எடுத்து உடைத்துப் பார்த்து, ஈரத்துக்கும் கறுப்பு விழுந்ததற்கும் கழிவு போடுவார்கள். கடைசியில் 'சீட்டு' பொத்தானை அழுத்தினால், கோப்பை எங்கே, என்ன பெயரில் வைப்பது என்று கேட்கும் சேவ் டயலாக் பெட்டி திறக்கும். கணக்குப்பிள்ளை அன்றைய தேதி ஃபோல்டரில், விவசாயியின் பெயரைத் தட்டி ஓகே கொடுப்பார். பிடிஎஃப் சீட்டு உருவாகும். அதையே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பியும் விடுவார்.

முறையீடு இதுதான்: சாயங்காலம் கணக்கு நேர் பார்த்தால், பதிவேட்டில் இருக்கும் வரவுகளைவிட ஃபோல்டரில் சீட்டுகள் குறைவாக இருக்கின்றன. தினமும் அல்ல, வரத்து அதிகமான நாட்களில் மட்டும். குப்பைத் தொட்டியில் ஒன்றும் இல்லை. கணினியில் வைரஸும் இல்லை. கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒரு வாக்கியம் முக்கியமானது: "பேரை அடிச்சு ஓகே குடுத்தனுங்க, அது ஒண்ணுமே கேக்கலீங்க."

ஒன்றும் கேட்கவில்லை. கோப்பு ஏற்கெனவே இருந்தால் 'மேலெழுதவா' என்று கேட்கும் ஓவர்ரைட்ப்ராம்ப்ட் என்ற அமைப்பு விண்ஃபார்ம்ஸில் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். இந்த நிரலிலும் அதை யாரும் நிறுத்தவில்லை. கேட்க வேண்டிய பெட்டி ஏன் கேட்கவில்லை?

முதலில், பலரும் தவறாக நினைக்கும் ஒரு விஷயம். சேவ் டயலாக் எதையும் சேமிப்பதில்லை. அது பயனரிடம் ஒரு பாதையை வாங்கி, நிரலின் கையில் ஓர் எழுத்துச் சரமாகக் கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளும். திறப்பதும் எழுதுவதும் மூடுவதும் நிரலின் வேலை. மேலெழுதலாமா என்ற கேள்வியும், பெட்டியில் தட்டிய அந்தச் சரத்துக்குத்தான். பெட்டி மூடிய பிறகு நிரல் அந்தச் சரத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், பயனர் 'ஆம்' சொன்ன பெயர் ஒன்று, வட்டில் எழுதப்படும் பெயர் வேறொன்று.

இந்த நிரலில் நடந்தது அதேதான். அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. முதல் பதிப்பில், தட்டிய பெயரில் பின்னொட்டு, அதாவது கோப்பின் வகையைச் சொல்லும் கடைசித் துண்டு, இருக்கிறதா என்று ஹேஸ்எக்ஸ்டென்ஷன் கொண்டு பார்த்து, இல்லையென்றால் மட்டும் '.பிடிஎஃப்' ஒட்டினார்கள். 'செல்லம்மாள்' என்று தட்டினால் சரியாக ஒட்டியது. 'மு.செல்வம்' என்று தட்டினால், புள்ளிக்குப் பிறகு ஏதோ இருக்கிறதே, அதுதான் பின்னொட்டு என்று, சி ஷார்ப் நிரல்கள் இயங்கும் தளமான டாட்நெட் எடுத்துக்கொண்டது. கணினியைப் பொறுத்தவரை அது 'செல்வம்' வகைக் கோப்பு. இரட்டைச் சொடுக்கினால் எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் கேட்டது. அப்போது வந்த முறையீடு 'சீட்டு திறக்க மாட்டேங்குது' என்பது.

அதற்குப் போட்ட ஒட்டுதான் இரண்டாம் பதிப்பு. என்ன பெயர் வந்தாலும் பாத்.சேஞ்ச்எக்ஸ்டென்ஷன் மூலம் பின்னொட்டைப் பிடிஎஃப் ஆக மாற்றிவிடு. அதன் பிறகு எல்லாச் சீட்டும் திறந்தது, முறையீடு நின்றது. ஆனால் சேஞ்ச்எக்ஸ்டென்ஷன் ஒட்டாது, மாற்றும். கடைசிப் புள்ளியிலிருந்து வலப்பக்கம் உள்ள அத்தனையையும் வெட்டிவிட்டுப் புதியதை வைக்கும். சோதித்துப் பார்த்ததில் இடப்பக்கம் தட்டியதும் வலப்பக்கம் வட்டில் கிடைத்ததும் இப்படி:

மு.செல்வம் → மு.பிடிஎஃப்
மு.சேகர் → மு.பிடிஎஃப்
ப.மு.ராசு → ப.மு.பிடிஎஃப்
நாராயணன்.கே → நாராயணன்.பிடிஎஃப்
கிருஷ்ணன்குட்டி.கே.ஆர் → கிருஷ்ணன்குட்டி.கே.பிடிஎஃப்
செல்லம்மாள் → செல்லம்மாள்.பிடிஎஃப்
வரவு 14.11.25 காலை → வரவு 14.11.பிடிஎஃப்
வரவு 14.11.25 மாலை → வரவு 14.11.பிடிஎஃப்

தமிழ்நாட்டுப் பக்கம் இனிஷியல் முன்னால் வரும். கேரளப் பக்கம் பின்னால். கணக்குப்பிள்ளை பாஸ்புக்கில் இருக்கிறபடியே பெயரைத் தட்டுவார். ஆகவே கிழக்கேயிருந்து வந்தவர்களின் பெயரே வெட்டுப்பட்டு இனிஷியல் மட்டும் மிஞ்சியது. மேற்கேயிருந்து வந்தவர்களுக்கு இனிஷியல் போய்ப் பெயர் மிஞ்சியது. ஒரே நாளில் இரண்டு 'மு' வந்தால் முதல் 'மு'வின் சீட்டு அழிந்தது. அதே நாளில் ஒரே பெயரில் இரண்டு நாராயணன் வருவது அபூர்வம். தொலைந்த சீட்டுகளின் பட்டியலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, அநேகமாக எல்லாமே எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆட்களுடையவை என்று தெரிந்தது. அதைக் கவனித்த இடத்தில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அதுவரை சந்தேகம் முழுக்க வட்டின் மேலும் பென்டிரைவின் மேலும் இருந்தது.

கேள்வி வராததன் காரணமும் இதே பட்டியலில் இருக்கிறது. 'மு.சேகர்' என்று தட்டும்போது ஃபோல்டரில் 'மு.சேகர்' என்ற கோப்பு இல்லை. பெட்டி தேடிப் பார்த்தது, இல்லை என்று கண்டது, பேசாமல் விட்டது. அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்தது. பிறகு நிரல் பெயரை 'மு.பிடிஎஃப்' ஆக்கி, ஏற்கெனவே இருப்பதைக் காலிசெய்து எழுதும் 'கிரியேட்' முறையில் திறந்தது. அப்படி மேலெழுதிய கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போகாது.

தடயம் கண்ணெதிரில்தான் இருந்தது. விவசாயிகளின் கைபேசியில் சீட்டு 'மு.பிடிஎஃப்' என்றே வந்திருக்கிறது. கணினியிலோ, தெரிந்த பின்னொட்டுகளை மறைக்கும் அமைப்பை விண்டோஸ் இயல்பாகவே வைத்திருப்பதால், வெறும் 'மு' என்று தெரிந்திருக்கும். ஏதோ சுருக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நிரலை எழுதியவர்களின் சோதனைப் பெயர்கள் 'டெஸ்ட்', 'ஏபிசி' வகை. புள்ளி வைத்த ஒரு தமிழ்ப் பெயரைத் தட்டியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

டாட்நெட்டை மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கியூட்டி என்ற நிரல் கருவித்தொகுப்பில் பேஸ்நேம் என்பது முதல் புள்ளியிலேயே வெட்டும், 'ப.மு.ராசு' அங்கே வெறும் 'ப'. கம்ப்ளீட்பேஸ்நேம்தான் கடைசிப் புள்ளி வரை விட்டுவைக்கும். பைத்தானின் வித்_சஃபிக்ஸ் செய்வதும் சேஞ்ச்எக்ஸ்டென்ஷன் செய்யும் அதே வெட்டுதான். ஜாவா ஸ்விங்கின் கோப்புப் பெட்டியான ஜேஃபைல்சூசரோ பின்னொட்டும் ஒட்டாது, மேலெழுதுவதைப் பற்றியும் கேட்காது; இரண்டையும் நிரலரே எழுத வேண்டும். பழைய நிரல்களில் வலமிருந்து முதல் புள்ளியைத் தேடிக் கையால் வெட்டியிருப்பார்கள். அது இன்னும் மோசம். ஃபோல்டரின் பெயர் '14.11.25' ஆகவும் கோப்புப் பெயர் புள்ளியில்லாத 'செல்லம்மாள்' ஆகவும் இருந்தால், வெட்டு ஃபோல்டர் பெயரில் விழும். சேஞ்ச்எக்ஸ்டென்ஷன் அந்தத் தப்பைச் செய்யாது; ஃபோல்டர் பிரிகோட்டைக் கண்டால் நின்றுவிடும்.

திருத்தத்துக்கு வருவோம். பெயரை முடிவுசெய்யும் வேலை முழுவதும் ஒரே செயற்கூறில் இருக்க வேண்டும். அதை 'இறுதிப்பெயர்' என்று வைத்துக்கொள்வோம். தட்டிய பெயரின் கடைசியில் இருக்கும் புள்ளியையும் இடைவெளியையும் அது முதலில் கழிக்கும். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் புள்ளியைத் தானே உதிர்த்துவிடும் என்பது ஒரு காரணம். 'கே.ஆர்.' என்று முடித்தவருக்கு 'கே.ஆர்..பிடிஎஃப்' என்று இரட்டைப் புள்ளி விழாமலிருப்பது இன்னொன்று. அடுத்து, பெயர் '.பிடிஎஃப்' என்று முடிகிறதா என்று மட்டும் என்ட்ஸ்வித் கொண்டு பார்க்கும். ஒப்பீடு, பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காத ஆர்டினல்இக்னோர்கேஸ் வகையில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தட்டியவருக்கு இரண்டு முறை ஒட்டக்கூடாது. முடியவில்லையென்றால் கடைசியில் ஒட்டும். எதையும் வெட்டாது. புள்ளி இருக்கிறதா என்று கேட்கவே கேட்காது.

எந்தப் பின்னொட்டு என்று பெட்டிக்குச் சொல்லும் டிஃபால்ட்எக்ஸ்ட், அதைப் பெட்டியே ஒட்டவைக்கும் ஆட்எக்ஸ்டென்ஷன் இரண்டையும் அமைப்பது நல்லதுதான். இந்த நிரலில் முன்னது காலியாகவும் பின்னது நிறுத்தியும் கிடந்தன. ஆனால் புள்ளி வைத்த பெயர்களுக்கு அவற்றை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. பெட்டி என்ன கொடுத்தாலும் இறுதிப்பெயர் ஒருமுறை பார்த்தே தீர வேண்டும்.

இனிக் கேள்வி. பெட்டியின் ஓவர்ரைட்ப்ராம்ப்டை நிறுத்திவிட்டு, ஃபைல்ஓகே என்ற நிகழ்வில் நாமே கேட்க வேண்டும். பயனர் ஓகே அழுத்தியதும், பெட்டி மூடுவதற்கு முன் எழும் நிகழ்வு அது. அங்கே இறுதிப்பெயரைக் கணக்கிட்டு, அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கேள்வி. பயனர் 'இல்லை' என்றால் நிகழ்வின் கேன்சல் மதிப்பை உண்மை ஆக்கினால் போதும். பெட்டி மூடாமல் நிற்கும், பெயரைத் திருத்திக்கொள்ளலாம். பெட்டி மூடிய பிறகு கேட்டால் 'இல்லை' சொன்னவர் மறுபடி முதலிலிருந்து ஃபோல்டர் தேட வேண்டும். வரிசையில் வண்டி நிற்கும்போது அவர் அதைச் செய்யமாட்டார், 'ஆம்' என்றே அழுத்திவிடுவார். பெட்டி மூடிய பின் எழுதும் இடத்திலும் அதே செயற்கூறையே அழைத்துப் பெயரை வாங்க வேண்டும். அங்கே தனியாக ஒரு வெட்டு ஒட்டு வைத்தால் பழைய கதை திரும்பும்.

கேள்வியின் வாசகத்தில் முழுப்பெயரும், இருக்கும் கோப்பின் நேரமும் வர வேண்டும்: "மு.செல்வம்.பிடிஎஃப் இந்த ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கிறது (காலை 9.40). அதன்மேல் எழுதவா?" இயல்பாகத் தேர்வாகியிருக்கும் பொத்தான் 'இல்லை'. என்டர் விசையைத் தட்டிக்கொண்டே போகிற கைக்கு இது ஒரு தடுப்பு. காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை என்று ஒரே ஆள் இரண்டு முறை வருவது மண்டியில் சகஜம். அப்போது நேரம்தான் கணக்குப்பிள்ளைக்கு வித்தியாசத்தைக் காட்டும்.

எழுதும் முறையும் மாற வேண்டும். கோப்பு இல்லை என்று தெரிந்தால் 'கிரியேட்நியூ' முறையில் திறப்பதே சரி. இடையில் எப்படியாவது அதே பெயர் வந்துவிட்டால் அது பிழை எழுப்பி நிற்கும், மௌனமாக அழிக்காது. பழைய நிரலில் 'கிரியேட்'டுக்குப் பதில் இது இருந்திருந்தால், பெயர் வெட்டுப்பட்டாலும் ஒரு சீட்டுகூடத் தொலைந்திருக்காது. மேலெழுதச் சம்மதம் வாங்கிய இடத்தில், அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பாக எழுதி முடித்துவிட்டு ஃபைல்.ரீப்ளேஸ் கொண்டு இடம் மாற்ற வேண்டும். பழையதை ஒரு காப்புப் பெயரில் வைத்துக்கொள்ளவும் அதில் வசதி உண்டு. தற்காலிகக் கோப்பை வேறு டிரைவில் வைக்கக்கூடாது; ரீப்ளேஸ் ஒரே டிரைவுக்குள் மட்டுமே வேலை செய்யும். பாதி எழுதும்போது கரண்ட் போனாலும் பழைய சீட்டு பிழைக்கும். பழைய சீட்டைப் பிடிஎஃப் ரீடரில் திறந்துவைத்திருந்தால் மாற்றம் தோற்கலாம். அப்போது தற்காலிகக் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, 'அந்தச் சீட்டை மூடிவிட்டு மறுபடி அழுத்துங்கள்' என்று சொல்ல வேண்டும். 'எதிர்பாராத பிழை' என்று காட்டினால் யாருக்குப் பயன்?

சீட்டு தொலைந்தது ஏன் இவ்வளவு பெரிய விஷயமானது என்றும் கேட்கலாம். தரவுத்தளத்திலிருந்து மறுபடி அச்சிட்டால் ஆயிற்றே. எடை தரவுத்தளத்தில் இருந்தது. ஆனால் சீட்டு போடும் கடைசி நொடியில் திரையில் திருத்திய கழிவு அங்கே பதியவில்லை. பிடிஎஃப்பில் மட்டும் அச்சானது. விவசாயிக்கும் மண்டிக்கும் பேச்சு வருவதே கழிவில்தான். அச்சுக் கோப்பைக் கணக்கின் ஒரே பிரதியாக வைத்தது சேவ் டயலாக்கைவிடப் பெரிய குறை. அதைத் தனியாகத் திருத்தியாயிற்று: கழிவு பதிவான பிறகே பெட்டி திறக்கும்.

நிரலைத் துருவியபோது வேறு இரண்டும் அகப்பட்டன. ஒன்று, பென்டிரைவில் சேமித்த பிறகு நிரலில் பட்டியல் காலியாகத் தெரிவது. ஆடிட்டருக்காகப் பென்டிரைவில் எடுத்துக்கொடுக்கும் நாளில் மட்டும் நடக்கும் இது. பெட்டி மூடியதும் நிரலின் நடப்பு ஃபோல்டரைப் பழையபடி ஆக்கும் ரெஸ்டோர்டைரக்டரி அமைப்பு இயல்பாக நிறுத்தப்பட்டே இருக்கும். அப்படியிருக்கும்போது, பயனர் பெட்டிக்குள் போன ஃபோல்டரே நிரலின் நடப்பு ஃபோல்டராகிவிடலாம். இந்த நிரல், தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட்டின் தரவுக் கோப்பை முழுப் பாதையில்லாமல் வெறும் பெயரால் திறந்தது. நடப்பு ஃபோல்டர் பென்டிரைவுக்கு மாறியதும் அங்கே அந்தப் பெயரைத் தேடியது. எஸ்கியூலைட் இல்லாத கோப்பைப் பிழை என்று சொல்லாது, புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும். நிரலும் அட்டவணை இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்ததால், பென்டிரைவில் ஒரு புதிய காலி மண்டி பிறந்தது. அந்த மதியம் போட்ட வரவுகள் பென்டிரைவோடு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டன. ரெஸ்டோர்டைரக்டரியை உண்மை ஆக்குவது பாதித் தீர்வுதான். தரவுக் கோப்பை எப்போதும் முழுப் பாதையால் திறப்பதே முழுத் தீர்வு.

மற்றொன்று, 'கொ' எழுத்து. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. விண்டோஸ் வட்டின் என்டிஎஃப்எஸ் கோப்புமுறைக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய பெயரில் கால் தனியாக இருந்தது. விசைப்பலகையில் தட்டியதில் சேர்ந்து இருந்தது. ஒரே ஃபோல்டரில் 'கொண்டப்பன்' சீட்டு இரண்டு, எழுத்தும் அச்சும் மாறாமல், அருகருகே நின்றன. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. இறுதிப்பெயருக்குள் நார்மலைஸ் என்று ஓர் அழைப்பு சேர்த்தால் இரண்டும் சேர்ந்த வடிவுக்கு வந்துவிடும். இதுவும் தட்டிய பெயரை மாற்றுகிற வேலைதான், ஆகவே இருக்கிறதா என்ற சோதனைக்கு முன்னால்தான் நடக்க வேண்டும்.

சீட்டு எண்ணைப் பெயரில் முன்கூட்டியே நிரப்பிவைக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜிஎஸ்டி விதிப்படி விலைப்பட்டியல் எண்ணில் 16 எழுத்துகள் வரை, சாய்கோடும் சேர்த்துப் போடலாம். 25-26/0137 முறையான எண். கோப்புப் பெயரில் சாய்கோடு கூடாது. '25-26' என்ற ஃபோல்டருக்குள் '0137' என்று கணினி படிக்கும். சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றியே பெட்டியில் வைக்க வேண்டும்.

பழைய சீட்டுகளை மீட்டது கையால்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதிகள் விவசாயிகளின் கைபேசிகளில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே அச்சான பெயரையும் சீட்டு எண்ணையும் பார்த்து, முழுப்பெயரில் அந்தந்தத் தேதி ஃபோல்டரில் வைக்கப்பட்டது. கேரளப் பக்கத்துச் சீட்டுகள் தப்பியவை என்று முதலில் ஒதுக்கியிருந்தார்கள். பதிவேட்டோடு எண்ணைச் சரிபார்த்தபோது 'நாராயணன்.பிடிஎஃப்' இருந்த ஒரு ஃபோல்டரில் ஓர் எண் இடித்தது. அன்று காலை கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு நாராயணன்.கே, மதியம் எருத்தேம்பதியிலிருந்து ஒரு நாராயணன்.எம் வந்திருக்கிறார்கள். முன்னவர் கைபேசியை மாற்றிவிட்டார். அந்த ஒரு சீட்டின் கழிவை அவரிடமே கேட்டுப் பதிந்தார்கள்.